நகரா கேட்ட சாலை

இரண்டாம் உலகப் போரில் தோற்று, நகரம் நகரமாக இடிந்து கிடந்த ஜெர்மனியில் 1950ஆம் ஆண்டு ஒரு சாலைக்குப் பெயர் வைத்தார்கள். அதற்காகப் புதிதாக ஒரு முழம்கூடத் தார் போடவில்லை. வூர்ட்ஸ்பர்க்கில் தொடங்கி ஆல்ப்ஸ் மலையடியிலுள்ள ஃப்யூசன் வரை ஏற்கெனவே கிடந்த நாட்டுச் சாலைகளைக் கோத்து, ரோத்தன்பர்க், டிங்கெல்ஸ்ப்யூல், நோர்ட்லிங்கன், அவுக்ஸ்பர்க் என்று வழியிலிருந்த பழைய ஊர்களையெல்லாம் ஒரே சரட்டில் சேர்த்து, 'ரொமான்டிக் சாலை' என்று அறிவித்தார்கள். இந்த ஊர்கள் இருக்கும் பவேரியா அப்போது அமெரிக்கப் படையின் பிடியில் இருந்தது. படைவீரர்களும் அவர்களைப் பார்க்க வந்த குடும்பங்களும் கையில் டாலர் வைத்திருந்தார்கள். குண்டுவீச்சையும் வதைமுகாமையும் மட்டுமே நினைவூட்டிய நாடு, தன்னிடம் மரச்சட்ட வீடுகளும் மணிக்கூண்டுகளும் கோட்டை மதில்களும் உண்டு என்று காட்ட வேண்டியிருந்தது. சுமார் 460 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தச் சாலைக்கு இன்று உலகம் முழுக்க இருந்து ஆட்கள் வருகிறார்கள். அதை நடத்துவது அந்த ஊர்களே சேர்ந்து வைத்திருக்கும் ஒரு கூட்டமைப்பு. அலுவலகம் டிங்கெல்ஸ்ப்யூலில் இருக்கிறது.

ஜெர்மனிக்கு இது முதல் தடவையுமல்ல. 1935இல் பாலட்டினேட் பகுதியில் திராட்சை மது விற்காமல் தேங்கியபோது அங்கே ஒரு 'ஒயின் சாலை' திறந்தார்கள். 1954இல் 'கோட்டைச் சாலை' வந்தது. இப்படிப் பெயர் சூட்டிய உலாச் சாலைகள் அந்த நாட்டில் இப்போது நூற்றைம்பதுக்கும் மேல். ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு விற்பனைத் தேவை இருந்திருக்கிறது. அதைக் குறையாக நான் சொல்லவில்லை. காட்சிக்கு இனிய சாலை என்பது மண்ணில் தானாக முளைப்பதில்லை என்பதற்காகச் சொல்கிறேன். சிலர் கூடி முடிவெடுத்ததால் அது உண்டாகிறது.

இதை மனத்தில் வைத்துக்கொண்டு எங்கள் பக்கத்துச் சாலை ஒன்றைப் பார்க்கலாம். மதுரையை அடுத்த திருமங்கலத்தில் பிரிந்து, திருவில்லிபுத்தூர், இராஜபாளையம், சேத்தூர், சிவகிரி, வாசுதேவநல்லூர், புளியங்குடி, கடையநல்லூர், தென்காசி, செங்கோட்டை வழியாக ஆரியங்காவுக் கணவாய் ஏறிக் கொல்லத்தில் கடலைத் தொடுகிறது தேசிய நெடுஞ்சாலை 744. முன்பு இதன் எண் 208. நீளம் ஏறக்குறைய 200 கிலோமீட்டர். திருவில்லிபுத்தூரைத் தொட்டதிலிருந்து செங்கோட்டை வரை வலக்கைப் பக்கம் மேற்குத் தொடர்ச்சி மலை விட்டுப்போவதே இல்லை. மலைக்கும் சாலைக்கும் நடுவில் கண்மாய், தென்னந்தோப்பு, மாந்தோப்பு, நெல்வயல். மலை இறக்கும் ஓடைகளை அடுக்கடுக்கான கண்மாய்களில் தேக்கி, ஒன்றின் மறுகால் அடுத்ததற்குப் பாயும்படி அமைத்திருக்கிறார்கள். அதனால்தான் விருதுநகர் மாவட்டத்தின் கிழக்குப் பாதி கந்தக பூமியாகக் காயும்போதும் இந்த மேற்குக் கரை பச்சையாக இருக்கிறது. 2021இல் உண்டான திருவில்லிபுத்தூர் – மேகமலை புலிகள் காப்பகம் இந்த மலைச்சரிவில்தான் வருகிறது. அதற்கு முன்பே, 1988இலிருந்து, சாம்பல் நிற அணில்களுக்கான சரணாலயம் இங்கே உண்டு.

பழைய ஊர்கள், மலை, கோயில், கோட்டையடி, சந்தை எல்லாம் இருந்தும் இந்தச் சாலைக்கு எண்தான் இருக்கிறது, பெயர் இல்லை. ஏன் இல்லை என்று யோசிக்கப் போனால், பெயர் வைக்காமலேயே ஒரு சாலையை நூற்றாண்டுக் கணக்கில் கட்டிக் காத்த வேறொரு ஏற்பாடு கண்ணுக்குத் தெரிகிறது.

அந்த ஏற்பாட்டின் கல் சாட்சி, மதுரைக்கும் திருவில்லிபுத்தூருக்கும் இடையே பழைய பாதையோரம் அங்கங்கே நிற்கும் நகரா மண்டபங்கள். 1623 முதல் 1659 வரை மதுரையை ஆண்ட திருமலை நாயக்கர், திருவில்லிபுத்தூரில் உச்சிக்கால பூசை முடிந்த பிறகே மதுரையில் பகல் உணவு உண்பார் என்பது இந்தப் பக்கத்து வழக்கு. ஆண்டாள் கோயில் பூசை என்று சிலர் சொல்வார்கள். மடவார்வளாகம் வைத்தியநாதர் கோயிலில் வயிற்றுவலி தீர்ந்ததால் அந்தக் கோயில் பூசைதான் என்று வேறு சிலர் சாதிப்பார்கள். எப்படியிருந்தாலும் பூசை முடிந்ததும் முதல் மண்டபத்தில் நகரா என்ற பெருமுரசு முழங்கும். அதைக் கேட்டு அடுத்த மண்டபத்துக்காரர் முழக்குவார். இப்படியே சத்தம் மதுரை அரண்மனை போய்ச் சேரும்.

நடக்கக்கூடிய காரியமா என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். தூரம் சுமார் 75 கிலோமீட்டர். ஒலி நொடிக்கு ஏறக்குறைய 340 மீட்டர் போகும். அப்படியானால் ஒலிக்கு மட்டும் மூன்றே முக்கால் நிமிடம் பிடிக்கும். மூன்று கிலோமீட்டருக்கு ஒரு மண்டபம் என்று வைத்தால் இருபத்தைந்து மண்டபம். ஒவ்வொருவரும் காதில் வாங்கிக் கழியை ஓங்க மூன்று நான்கு நொடி. ஆக மொத்தம் ஐந்தரை நிமிடத்துக்குள் மன்னருக்கு இலை போட்டுவிடலாம். குதிரைத் தபாலால் ஆகாத வேகம். வழக்கு முழுவதும் வரலாறா என்பது வேறு கேள்வி. வேண்டிய தொழில்நுட்பம் பெரிய முரசும் காது கொடுக்கும் ஆளும் மட்டுமே என்பதால், இது கட்டுக்கதை என்று தள்ளவும் எனக்கு மனம் வரவில்லை. மன்னர் சாப்பாடு ஒரு காரணம் என்றால், படை வருகிறது என்ற செய்திக்கும் அதே முரசு உதவியிருக்கும்.

ரொமான்டிக் சாலையிலுள்ள நோர்ட்லிங்கனில் இதற்கு ஒரு தம்பி உண்டு. அந்த ஊர் சுமார் ஒன்றரைக் கோடி ஆண்டுகளுக்கு முன் விண்கல் விழுந்து உண்டான பள்ளத்துக்குள் இருக்கிறது. புனித ஜார்ஜ் தேவாலயத்தின் 90 மீட்டர் கோபுரத்திலிருந்து காவல்காரர் இரவு பத்து மணி முதல் பன்னிரண்டு வரை அரை மணிக்கொரு தடவை குரல் கொடுக்கிறார். ஒரு காலத்தில் மதில்வாசல் காவலர் விழித்திருக்கிறாரா என்று சோதிக்கும் குரல் அது. இன்று சோதிக்க யாரும் இல்லை. ஆனாலும் அந்த வேலையை ஒழிக்காமல் வைத்திருக்கிறார்கள். நம் நகரா மண்டபங்களில் தூணும் மேற்கூரைக் கல்லும் மிஞ்சியிருக்கின்றன. சிலவற்றில் அதுவும் சரிந்துவிட்டது. வேலியோரம் கருவேல மரத்துக்குப் பின்னால் ஒன்று நிற்கும். பஸ்ஸில் போகிறவர்கள் பழைய சுமைதாங்கி என்று நினைத்துக் கடந்துபோவார்கள்.

திருவில்லிபுத்தூரைப் பற்றி எழுதாத பயணக் கட்டுரை கிடையாது. அதனால் கோபுரத்தை விரைவாகவே கடந்துவிடலாம். பதினொரு நிலை, 192 அடி, வடபத்ரசாயி கோயிலின் இராசகோபுரம். தமிழக அரசின் இலச்சினையில் இருப்பது இதுதான் என்று பள்ளியில் படித்திருக்கிறோம். 1949இல் அந்த இலச்சினையை வரைந்த மதுரை ஓவியர் ஆர். கிருஷ்ணா ராவ் மீனாட்சியம்மன் கோயிலின் மேலைக் கோபுரத்தை வைத்தே வரைந்தார் என்ற கருத்தும் வலுவாக இருக்கிறது. இந்தச் சண்டையில் எந்த ஊர் வென்றாலும் கோபுரத்தின் உயரம் குறையப் போவதில்லை.

எனக்குக் கோபுரத்தைவிட ஆண்டாள் கையில் இருக்கும் கிளி முக்கியமாகப் படுகிறது. அது ஒவ்வொரு நாளும் புதிதாகச் செய்யப்படுவது. மரவள்ளி இலையால் உடல், மாதுளம்பூவால் மூக்கு. மாலையில் சாத்தி, மறுநாள் பக்தர் யாருக்காவது கொடுத்துவிடுவார்கள். செய்யும் உரிமை ஒரே குடும்ப வழியில் வருகிறது. மதிலைக் காப்பது ஒரு வகைப் பாதுகாப்பு. தினம் வாடிப்போவதைத் தினம் செய்துகொண்டே இருப்பது வேறொரு வகை. இந்தச் சாலை ஊர்களில் பெரும்பாலும் இரண்டாவது வகைதான் நடந்திருக்கிறது.

ஆண்டாள் சூடிய மாலையும் அப்படித்தான். புரட்டாசி பிரம்மோற்சவத்துக்கு அது திருப்பதி போகிறது. சித்திரையில் மதுரைக்குப் போகிறது. கள்ளழகர் அதை அணிந்துகொண்டுதான் வைகையில் இறங்குகிறார். மதுரைச் சாலையில் ஒரு கூடை மாலை பயணம் செய்வதற்காக இரண்டு ஊர்களின் நாட்காட்டி ஒத்துப்போக வேண்டியிருக்கிறது. நாயக்கர் காலத்து முரசு ஒரு திசையில் கொண்டுபோன செய்தியின் மறுவடிவம் என்று இதைச் சொல்லலாம்.

பால்கோவாவையும் சொல்லிவிட வேண்டும், சொல்லாவிட்டால் ஊர்க்காரர்கள் கோபித்துக்கொள்வார்கள். 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பாலும் சர்க்கரையும் தவிர வேறொன்றும் சேர்ப்பதில்லை. விறகடுப்பில் அகலமான இரும்புச் சட்டியை ஏற்றி, அடிபிடிக்காமல் கிண்டிக்கொண்டே இருக்க வேண்டும். கை நின்றால் பால் கருகும். கறவை மாட்டுக்குத் தீவனம் கொடுத்தது மலையடிவார மேய்ச்சல். பாலை வாங்கிச் சேர்த்தது கூட்டுறவுச் சங்கம். வெளியூருக்குக் கொண்டுபோனது கோயிலுக்கு வந்த கூட்டம். மூன்றும் ஒரே சாலையில் இருந்ததால் அந்த இனிப்புக்கு ஊர்ப்பெயர் ஒட்டிக்கொண்டது.

பதினொன்று, பன்னிரண்டு கிலோமீட்டர் தெற்கே இராஜபாளையம். விஜயநகரப் படைகளோடு ஆந்திரத்திலிருந்து வந்த ராஜுக்கள் குடியேறிய ஊர். 1949 முதல் 1952 வரை சென்னை மாகாணத்தின் முதல்வராக இருந்த பூ.ச. குமாரசாமி ராஜா இந்த ஊர்க்காரர். பிறகு ஒரிசாவின் ஆளுநரானார். தன் வீட்டையே காந்தி கலைமன்றத்துக்குக் கொடுத்தார். பி.ஏ.சி. ராமசாமி ராஜா 1936இல் தொடங்கிய நூற்பாலையிலிருந்து ஊரின் தொழில் வாழ்க்கை மாறியது. பஞ்சு கரிசல் காட்டிலிருந்து வந்தது. 1927இல் விருதுநகர் – தென்காசி ரயில் பாதை திறந்திருந்ததால் நூல் வெளியே போக வழியிருந்தது. பக்கத்துச் சத்திரப்பட்டியில் தறிக்காரர்கள் மருத்துவமனைக் கட்டுத்துணி நெய்யத் தொடங்கினார்கள். எங்கோ ஒரு ஆஸ்பத்திரியில் காயத்தைச் சுற்றும் வெள்ளைத் துணி இந்த மலையடியில் நெய்ததாக இருக்க நிறைய வாய்ப்புண்டு. இராஜபாளையம் நாயும் சப்பட்டை மாம்பழமும் பற்றி மற்றவர்கள் எழுதியிருக்கிறார்கள்.

நெடுஞ்சாலையை விட்டுச் சற்றுக் கிழக்கே விலகினால் தளவாய்புரம். ஜெர்மானியக் கையேடு எழுதுகிறவர் இந்த ஊரைத் தாண்டிப் போய்விடுவார். பார்ப்பதற்கு மதில் இல்லை, மணிக்கூண்டு இல்லை. ஆனால் இந்தியாவில் எந்த ஊர்க் கொடிக்கயிற்றிலாவது காயும் நைட்டியில் இந்த ஊர்த் தையல் இருக்கக்கூடும். தளவாய்புரம், செட்டியார்பட்டி, முகவூர் மூன்றிலும் வீட்டுக்கு வீடு தையல் இயந்திரம் ஓடுகிறது. வடநாட்டிலிருந்து அச்சடித்து வரும் துணியை நீள மேசையில் அடுக்கடுக்காக விரிப்பார்கள். கட்டிங் மாஸ்டர் மேலடுக்கில் சாக்கட்டியால் அளவு போட்டு, கரண்டில் ஓடும் வெட்டு மெஷினை ஓரத்திலிருந்து செலுத்துவார். ஒரே ஓட்டத்தில் பல டஜன் முன்பக்கம் விழும். வெட்டியதைக் கட்டாகக் கட்டிப் பெண்கள் வீட்டுக்கு எடுத்துப்போவார்கள். கழுத்துப் பட்டி, கை, ஜிப், பைப்பிங், ஓவர்லாக் என்று ஒவ்வொன்றுக்கும் பீஸ் ரேட். கடைசியில் தேய்த்து, அட்டை வைத்து மடித்து, பாலித்தீன் உறையில் போட்டால் சரக்கு லாரிக்குத் தயார். கிணற்றுப் பாசனம் பொய்த்த காலத்தில் காட்டுவேலை கிடைக்காத பெண்களுக்குக் கையில் காசு வந்தது இந்தத் தொழிலால்தான்.

ரோத்தன்பர்க்கின் கடைத்தெருவில் ஆண்டு முழுக்கக் கிறிஸ்துமஸ் பொம்மைகள் விற்கிறார்கள். அது வந்தவருக்கு விற்கும் ஊர். தளவாய்புரம் யாரும் வராமலேயே விற்கும் ஊர். சுற்றுலாவை வைத்து ஊரை அளக்கிறவர்களுக்கு இந்த வித்தியாசம் பிடிபடுவதில்லை. இந்தச் சாலையில் உள்ள ஊர்கள் ஒவ்வொன்றும் ஏதாவது ஒன்றைச் செய்து அனுப்புகின்றன. திருவில்லிபுத்தூரின் பால்கோவா, சத்திரப்பட்டியின் கட்டுத்துணி, தளவாய்புரத்தின் நைட்டி, புளியங்குடியின் எலுமிச்சை. கடையநல்லூர் நெசவாளர்கள் ஆட்களையே அனுப்பினார்கள். சிங்கப்பூரில் 1941இல் சங்கம் வைத்து, 1946இல் உமறுப்புலவர் பெயரில் தமிழ்ப் பள்ளி திறந்தது கடையநல்லூர் முஸ்லிம்கள்தான்.

தளவாய்புரத்தை ஒட்டிய முகவூருக்கு இன்னொரு பெயரும் இருந்தது, புலவர்கள் நடுவில். மு.ரா. என்ற முன்னெழுத்தோடு எழுதிய அருணாசலக் கவிராயர், கந்தசாமிக் கவிராயர் சகோதரர்களின் முன்னெழுத்தில் உள்ள 'மு' இந்த முகவூர். 'ரா' அவர்கள் தகப்பனார் இராமசாமிக் கவிராயர். பக்கத்துச் சேற்றூர் ஜமீன், இப்போதைய சேத்தூர், இவர்களை ஆதரித்தது. பாளையமாக இருந்து ஜமீனாகச் சுருங்கிய பிறகு படை வைத்துக்கொள்ள முடியாத நிலையில் புலவர்களை வைத்துக்கொண்டார்கள் என்று தோன்றுகிறது. தமிழ்ப் பதிப்பு வரலாற்றில் இந்த மலையடிவாரச் சிற்றரண்மனைகளின் பங்கை இன்னும் யாரும் சரியாகக் கணக்கெடுக்கவில்லை.

கணக்கில் வராமல் போனதற்கு ஒரு கொடிய உதாரணமும் இதே வட்டாரத்தில் இருக்கிறது. கரிவலம்வந்தநல்லூர் பால்வண்ணநாதர் கோயிலில் பாண்டிய மன்னர் ஒருவரின் ஏட்டுச் சுவடிகள் இருப்பதாகக் கேள்விப்பட்டு உ.வே. சாமிநாதையர் போனார். கோயில் அலுவலர் சொன்ன பதிலைத் தன் வரலாற்றில் எழுதி வைத்திருக்கிறார். பழைய ஏடுகளைச் சும்மா எறியக்கூடாது என்ற சாத்திரப்படி நெய்யில் தோய்த்து ஓமத்தீயில் இட்டுவிட்டார்களாம். அலட்சியத்தால் அழிந்த சுவடிகள் தமிழ்நாட்டில் ஏராளம். இங்கே மரியாதையாலேயே அழிந்தன. கோயில் கல்லாக நின்றது, நூலகம் புகையாகப் போனது.

இந்தப் பால்வண்ணநாதர் கோயில் தென்பாண்டிப் பஞ்சபூதத் தலங்களில் நெருப்புக்கு உரியது என்பதையும் சொல்ல வேண்டும். சங்கரன்கோவில் மண், தாருகாபுரம் நீர், தென்மலை காற்று, தேவதானம் ஆகாயம். சிவராத்திரி இரவில் ஐந்தையும் சுற்றி வரும் வழக்கம் உண்டு. ஐந்தும் இராஜபாளையத்துக்கும் சங்கரன்கோவிலுக்கும் வாசுதேவநல்லூருக்கும் நடுவிலேயே கிடக்கின்றன. ஒரே இரவில் முடித்துவிடலாம். 1950இல் ஜெர்மானியர்கள் யோசித்ததை, அதாவது பக்கத்துப் பக்கத்து ஊர்களைக் கோத்து ஒரு சுற்றுப் பாதை ஆக்குவதை, இங்கே எப்போதோ செய்துவிட்டார்கள். ஆனால் அந்தப் பாதை ஆண்டில் ஒரு இரவு மட்டும் திறந்திருக்கும்.

இங்கேதான் இரண்டு சாலைகளும் பிரிகின்றன என்று நினைக்கிறேன். ஜெர்மானியச் சாலை வரைபடத்தில் இருக்கிறது. எங்கள் சாலை பஞ்சாங்கத்தில் இருக்கிறது. ஆடிப்பூரத்தில் திருவில்லிபுத்தூர்த் தேர், அதே ஆடியில் சங்கரன்கோவிலில் தபசு. அதற்கு வருகிற கூட்டம் ஊரைப் பார்க்க வருவதில்லை, நாளைப் பார்த்து வருகிறது. கார்த்திகை பிறந்தால் கறுப்பு வேட்டிக்காரர்கள் சபரிமலைக்கு இந்த வழியை நிறைத்துவிடுவார்கள். மார்கழியில் அச்சன்கோவில் ஐயனின் ஆபரணப் பெட்டி புனலூர்க் கருவூலத்திலிருந்து புறப்பட்டு, மலையிறங்கித் தென்காசி வந்து வரவேற்பு வாங்கிக்கொண்டு, மறுபடி மலையேறுகிறது. அதே மாதம் ஆரியங்காவில் ஐயப்பனுக்குத் திருக்கல்யாணம். மணப்பெண் புஷ்கலை மதுரைச் சௌராஷ்டிரக் குலத்தவள் என்பது ஐதீகம். ஆகவே மதுரையிலிருந்து சௌராஷ்டிரர்கள் பெண்வீட்டாராகச் சீர் எடுத்துக்கொண்டு கணவாய் ஏறுகிறார்கள். கேரளத் தேவசம் போர்டு அவர்களைச் சம்பந்தி முறையில் எதிர்கொள்கிறது. 1956 நவம்பர் 1 அன்று செங்கோட்டை திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரிந்து அன்றைய சென்னை மாநிலத்தோடு சேர்ந்து, எல்லைக்கோடு மலைமேல் போன பிறகும் இந்தச் சம்பந்தம் முறியவில்லை. செங்கோட்டை வளைவில் திருவிதாங்கூரின் சங்குச் சின்னம் இன்னும் இருக்கிறது.

சரி, மதில்கள் எங்கே போயின? ரோத்தன்பர்க் மதில் மேல் நடந்துபோகலாம். இங்கே ஏன் அப்படியொன்றும் இல்லை என்ற கேள்விக்கு வாசுதேவநல்லூரில் விடை இருக்கிறது. இந்த ஊர்க் கோட்டை உட்பட, நெற்கட்டும்செவலை ஆண்ட பூலித்தேவரின் கோட்டைகள் களிமண்ணால் ஆனவை. இங்கத்து மண்ணைக் குழைத்துக் கட்டிய சுவர் காய்ந்தால் பீரங்கிக்கு எளிதில் மசியாது. குண்டு மண்ணுக்குள் புதைந்துகொள்ளும். 1755இல் கர்னல் ஹெரோன் நெற்கட்டும்செவலுக்கு வந்து வெறுங்கையோடு திரும்பினார். 1761இல் யூசுப் கான் கும்பினிப் படையோடு வந்து கோட்டைகளைப் பிடித்தார். பாளையக்காரர் போர்கள் முடிந்ததும் 1801 டிசம்பரில் கும்பினி ஒரு பிரகடனம் வெளியிட்டது. பாளையங்களின் கோட்டைகளை இடிக்க வேண்டும், ஆயுதங்களை ஒப்படைக்க வேண்டும். இடித்த மண்கோட்டை இரண்டு மழைக்காலத்தில் வயலாகிவிடும். பவேரியாவில் நடந்தது நேர்மாறு. 1826இல் முதலாம் லுட்விக் மன்னர் டிங்கெல்ஸ்ப்யூல் மதிலையும் கோபுரங்களையும் இடிக்கக்கூடாது என்று ஆணையிட்டார். இருபத்தைந்து ஆண்டு இடைவெளியில் இரண்டு அரசுகள், இரண்டு ஆணைகள். கைக்கு வந்த ஊரை இடிப்பதா வைப்பதா என்று அவை முடிவு செய்ததன் விளைவைத்தான் இன்றைய பயணிகள் 'அங்கே எல்லாம் பழமை, நம்மிடம் ஒன்றும் இல்லை' என்று அளக்கிறார்கள்.

அங்கே உள்ள பழமையிலும் பாதி புதிது. 1945 மார்ச் 31 அன்று நடந்த குண்டுவீச்சில் ரோத்தன்பர்க்கின் கிழக்குப் பகுதி எரிந்தது. ஊரில் ஐந்தில் இரண்டு பங்கு போயிற்று. மிச்சத்தைப் பீரங்கியால் அழிக்க வேண்டாம் என்று அமெரிக்கப் போர்த்துறையின் ஜான் மெக்லாய் தடுத்தார். மதிலை மறுபடி கட்ட உலகம் முழுக்க நன்கொடை கேட்டார்கள். கொடுத்தவர்களின் பெயர் பொறித்த கற்கள் மதிலில் வரிசையாகப் பதிந்திருக்கின்றன.

தென்காசிக் கோபுரத்தின் கதையும் இதுவே. பராக்கிரம பாண்டியன் 1446இல் காசிவிசுவநாதர் கோயிலைக் கட்டத் தொடங்கினான். அவன் வெட்டிய கல்வெட்டுப் பாட்டில், பிற்காலத்தில் இந்தக் கோயிலில் பழுது நேர்ந்தால் அதைச் செப்பனிடுகிறவர் யாராயினும் அவர் காலில் விழுந்து வணங்குவதாகச் சொல்லியிருக்கிறான். ஒரு மன்னன் முகம் தெரியாத நன்கொடையாளருக்கு முன்கூட்டியே விழுந்த கும்பிடு. பிற்காலத்தில் கோபுரம் எரிந்து பிளந்து, பல தலைமுறை மொட்டைக் கோபுரமாக நின்றது. 1990இல் ஒன்பது நிலையோடு 180 அடி உயரத்துக்கு எழுந்து குடமுழுக்குக் கண்டது. அதில் பெரும் பங்கு சிவந்தி ஆதித்தனாருடையது. சாலையில் பழைய கோபுரம் என்று கைகாட்டுகிறார்கள். கட்டி நாற்பது ஆண்டுகூட ஆகவில்லை. அதனால் குறைந்துவிட்டது எதுவும் இல்லை.

இரண்டு சாலைகளுக்கும் நேரடித் தொடர்பே இல்லையா? உண்டு, மிளகால். கொல்லம் மிளகுத் துறைமுகம். 1505 மார்ச்சில் லிஸ்பனிலிருந்து ஃபிரான்சிஸ்கு டி அல்மெய்டா தலைமையில் புறப்பட்ட போர்ச்சுகீசியக் கப்பற்படையில் மூன்று கப்பல்களுக்குப் பணம் போட்டவர்கள் ஃபுக்கர், வெல்சர் முதலான ஜெர்மானிய வணிகர்கள். இந்த இரண்டு குடும்பங்களும் அவுக்ஸ்பர்க்கைச் சேர்ந்தவை. வெல்சரின் ஆளாகக் கூடவே வந்த பல்தசார் ஸ்பிரிங்கர் கண்ணூரையும் கொச்சியையும் பார்த்து எழுதிய பயண நூல் 1509இல் அச்சானது. யாக்கோப் ஃபுக்கர் 1521இல் அவுக்ஸ்பர்க்கில் ஏழைகளுக்கென்று நிறுவிய 'ஃபுக்கரை' குடியிருப்பில் ஆண்டு வாடகை இன்றும் ஒரு யூரோவுக்குக் குறைவு. ரொமான்டிக் சாலைப் பயணிகள் தவறாமல் அதைப் பார்க்கிறார்கள். ஃபுக்கர் செல்வத்தில் பெரும்பகுதி வெள்ளியும் செம்பும் தந்தது. அதில் ஒரு கிள்ளு மலபார்க் காரமும் உண்டு.

இன்றைக்கு வருவோம். திருமங்கலம் – இராஜபாளையம் இடையே நான்கு வழிச்சாலை வேலை நடக்கிறது. புதிய தடம் ஊர்களுக்கு வெளியே போகிறது. இதை வருத்தத்தோடு பார்ப்பவர்கள் உண்டு. நான் அப்படிப் பார்க்கவில்லை. ரொமான்டிக் சாலையைக் காப்பாற்றியதே பக்கத்தில் ஓடும் ஏ7 விரைவுச்சாலைதான். லாரியும் அவசரக்காரர்களும் அதில் போய்விட்டதால் பழைய நாட்டுச் சாலை மெதுவாகப் போகிறவர்களுக்கு மிஞ்சியது. இராஜபாளையம் ஊருக்குள் சிமெண்டு லாரியும் பஞ்சு லாரியும் ஸ்கூல் வேனும் முட்டிக்கொண்டு நிற்பதைப் பார்த்தவர்கள் புறவழிச்சாலையை வேண்டாம் என்று சொல்ல மாட்டார்கள். சாலை வெளியே போன பிறகு பழைய தடம் என்னவாகும் என்பதுதான் கேள்வி. புறவழிச்சாலை திறந்தால் ஊருக்குள் கிடக்கும் துண்டு வழக்கமாக மாநில நெடுஞ்சாலைத் துறைக்கோ உள்ளாட்சிக்கோ வந்துவிடும். அப்போது நகரா மண்டபங்கள் நிற்கும் ஓரம் யாருடைய பொறுப்பு என்பதை இப்போதே முடிவு செய்யலாம். நகராட்சிகளும் அறநிலையத் துறையும் தொல்லியல் துறையும் வனத்துறையும் ஒரு மேசையில் உட்கார வேண்டிய விஷயம் இது. ஜெர்மனியில் அந்த மேசையைப் போட்டது மத்திய அரசல்ல, சின்னச் சின்ன ஊர்கள்.

இராஜபாளையத்துக்குத் தெற்கே செங்கோட்டை வரையிலான பகுதியில் விவகாரம் வேறு. புதிய தடம் சிவகிரி, வாசுதேவநல்லூர், புளியங்குடிப் பக்கத்து நஞ்சை வழியாகப் போவதால் விவசாயிகள் எதிர்க்கிறார்கள். வயல் நடுவே மேடு போட்டுச் சாலை போனால் மேல் கண்மாயின் மறுகால் கீழ்க் கண்மாய்க்குப் போகாது. மதகுக்குப் பதில் சிமெண்டுக் குழாய் வைத்தால் முதல் வெள்ளத்திலேயே தூர்ந்துவிடும். அவர்கள் பேசுவது நெல்லுக்காகவும் தென்னைக்காகவும்தான், காட்சிக்காக அல்ல. ஆனால் பஸ் ஜன்னலில் வலக்கைப் பக்கம் மலைக்கு முன்னால் தெரியும் பச்சை முழுவதும் அந்தக் கண்மாய்த் தண்ணீர்தான். உலாச் சாலைத் திட்டம் எதுவும் தீட்டுகிறவர்கள் முதலில் போய்ப் பார்க்க வேண்டியவர்கள் அந்த ஆயக்கட்டுக்காரர்கள்.